ஆரணித் தறியும் சீன நூலும்: இறக்குமதி வரி எப்படி இயங்குகிறது?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர் கையில் கற்பூரப் பொட்டலம் இருக்கும். அதை ஏற்ற நெருப்பு வேண்டும். பாதையோரக் கடையில் தீப்பெட்டி 2 ரூபாய். பக்கத்திலேயே அட்டையில் செருகித் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டர் 10 ரூபாய். அக்னி லிங்கத்துக்கு முன்னால் காற்றில் நாலு குச்சி அணைந்துபோனால், யம லிங்கம் வருவதற்குள் லைட்டர் வாங்கிவிடத் தோன்றும். தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும். அப்படியானால் 40 ரூபாய் வேலை 10 ரூபாயில் முடிகிறது. வாங்குகிறவருக்கு 30 ரூபாய் மிச்சம். அந்த 30 ரூபாய், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்திலும் நமக்குக் கிட்டே குடியாத்தத்திலும் தீப்பெட்டி அடைக்கிற பெண்களின் கூலியாகவும், குச்சிக்கான மரமாகவும், பெட்டிக்கான அட்டையாகவும் போயிருக்க வேண்டிய பணம்.

வெளியிலிருந்து மலிவாக வருவதை வாங்குவதா, உள்ளூரில் அதைச் செய்கிறவரின் வேலையைக் காப்பதா? இந்த இரண்டுக்கும் நடுவில் வாசற்படி மாதிரி இறக்குமதி வரி இருக்கிறது. அதை உயர்த்தினால் என்ன ஆகும், தாழ்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்காமலே "தடை செய்" என்று ஒரு பக்கமும் "திறந்து விடு" என்று ஒரு பக்கமும் பேசுகிறோம். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டை வைத்து அதைப் பிரித்துப் பார்க்கலாம். பட்டுக்குப் போகும் முன், கொஞ்ச நேரம் சமையலறையில் உட்காருவோம்.

முதலில், கடல் தாண்டி வருகிற பொருள் எப்படி மலிவாக இருக்க முடியும்? வீட்டில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்தால் ஒரு அடுப்பு, ஒரு ஆள், முக்கால் மணி நேரம். தீபத்தன்று அன்னதானத்துக்கு ஆயிரம் பேருக்கு அண்டாவில் வைத்தால் அடுப்பு பெரிதாகும், ஆளும் நாலைந்து பேராவார்கள். ஆனால் ஆயிரத்தை நாலால் வகுத்தால் வருகிற 250 மடங்கு விறகும் 250 மடங்கு ஆளும் தேவைப்படாது. ஆகவே ஒரு கரண்டிச் சாம்பாரின் அடக்கவிலை இறங்கிவிடும். லைட்டரோ நூலோ, சீனா சமைப்பது உலகத்துக்கே பந்தி போடுகிற அண்டாவில். நல்ல இயந்திரம், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்கிறவர்கள், அருகில் துறைமுகம், அரசின் கைதூக்கல் எல்லாம் அதோடு சேரும்போது கப்பல் கூலி போக மிச்சம் நிற்கிறது.

அடுத்து, அந்தப் பொருள் நம் வாசலுக்கு வருகிறது. இங்கேதான் வரி உட்கார்ந்திருக்கிறது. அது செய்கிற வேலையைப் புரிந்துகொள்ளப் பௌர்ணமியன்று ஊரைப் பாருங்கள். அன்றைக்குப் பேருந்துகளை ஊர் எல்லையில் தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கோயில் பக்கம் எதைக் கொண்டுவந்தாலும் தனிச் செலவு. எல்லைக்கு வெளியே இளநீர் 40 ரூபாய் என்றும், அதை உள்ளே கொண்டுவர 10 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆகவே வெளி இளநீர் உள்ளே 50 ரூபாய்க்குக் கீழே விற்காது. ஊருக்குள்ளேயே தோப்பு வைத்திருப்பவருக்கு 45 ரூபாய் கிடைத்தால் கட்டுபடியாகும். எல்லை திறந்திருந்தால் வெளி இளநீர் 40-க்கு வந்து அவரை உட்கார வைத்துவிடும். எல்லை மூடியிருப்பதால் அவரும் விற்கிறார். ஆனால் 45-க்கா விற்பார்? 49-க்கு விற்க முடியும்போது 49-க்கே விற்பார்.

இறக்குமதி வரி வேலை செய்வதும் அப்படியே. வரி போட்டது வெளிச்சரக்குக்கு மட்டும். விலை ஏறியது உள்ளே விற்கிற எல்லாச் சரக்குக்கும். வெளி இளநீருக்கு ஏறிய 10 ரூபாய், வரியாக இருந்தால், அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். உள் இளநீருக்கு ஏறிய 9 ரூபாயில் 5 ரூபாய் தோப்புக்காரரின் வேலையைக் காப்பாற்றியது, 4 ரூபாய் அவருக்கு மேல்வரும்படி. இரண்டையும் கொடுத்தவர் தாகத்தோடு நிற்கிறவர். வரியை ஆதரிக்கிறவர்கள் இந்த 5 ரூபாயை மட்டும் சொல்வார்கள். எதிர்க்கிறவர்கள் அந்த 4 ரூபாயை மட்டும் சொல்வார்கள். இரண்டும் ஒரே விலைக்குள் இருக்கின்றன.

அடுத்து உப்பு. ஒரு கைப்பிடி உப்பை எடுத்து அண்டாச் சாம்பாரில் போடுங்கள்; யாருக்கும் தெரியாது. அதே கைப்பிடியை ஒரே ஒருவர் கிண்ணத்தில் போடுங்கள். அவர் சாப்பிட முடியாமல் எழுந்து போவார். மலிவு இறக்குமதி தருகிற மிச்சம் அண்டாவில் விழுந்த உப்பு. உங்களுக்கும் எனக்கும் மாதம் சில ரூபாய். அதற்காக யாரும் ஊர்வலம் போக மாட்டோம். அதனால் வருகிற இழப்போ ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே வேலை தெரிந்த கைகளில் விழுகிறது. கோவில்பட்டியில் வாரத்தில் ஆறு நாள் ஓடிய தீப்பெட்டி ஆலை மூன்று நாள் ஓடினால், அங்கே வேலை செய்கிற பெண்ணின் வீட்டில் பாதி அடுப்பு அணைந்தமாதிரி. மொத்தக் கூட்டல் கழித்தலில் நாட்டுக்கு லாபம் என்று வந்தாலும், கழிக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

ஆனால் மிச்சத்தை அற்பம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயில், இறக்குமதி இல்லாவிட்டால் இல்லை. அது இல்லாமல் தாளிக்க முடியாத வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்கு அது பெரிய பணம்.

தீப்பெட்டிக் கதையில் அரசு வரியோடு நிற்கவில்லை, கதவையே சாத்தியது. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயானது. அதற்குள் லைட்டர் கடைவீதியைப் பிடித்துவிட்டது. 2022-ல் தமிழ்நாடு முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. பிறகு என்ன நடந்தது? சமைத்த குழம்பு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் சொன்னால், வெட்டிய காய் ஒரு பையிலும் அரைத்த மசாலா ஒரு பையிலுமாக வந்து, வாசலுக்கு இந்தப் பக்கம் கொதிக்க ஆரம்பித்தது. லைட்டரின் உதிரிபாகங்கள் தனித்தனியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. ஆகவே 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று. எந்த வாசலுக்கும் ஒரு கொல்லைப்புறம் உண்டு என்பதை இறக்குமதித் தடை பேசுகிறவர்கள் மறக்கக் கூடாது.

இது வரைக்கும் சொன்னது எளிய பாகம். தீப்பெட்டி ஒரு பக்கம், லைட்டர் ஒரு பக்கம், இரண்டில் ஒன்று. நிஜத்தில் பெரும்பாலான பொருள்கள் இப்படி நேருக்கு நேர் நிற்பதில்லை. காரணம், ஒருவர் செய்து முடித்த பொருள் அடுத்தவருக்கு மூலப்பொருள்.

ஒரு இட்லிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கார அம்மா மாவை அரைப்பதில்லை. தெருக்கோடியில் கிரைண்டர் வைத்திருப்பவரிடம் வாங்குகிறார். கிரைண்டர்காரர் அரிசியும் உளுந்தும் மண்டியில் வாங்குகிறார். மண்டிக்கு நெல் விவசாயியிடமிருந்து வருகிறது. இப்போது வெளியூரிலிருந்து மலிவான இட்லியே வந்து இறங்கினால், இட்லிக் கடை அம்மாவுக்கு வேலை போகும். மலிவான மாவு வந்தால்? கிரைண்டர்காரருக்கு வேலை போகும், இட்லிக் கடை அம்மாவுக்கு லாபம். அவர் இன்னொரு ஆளைக்கூட வேலைக்கு வைப்பார். மலிவான அரிசி வந்தால்? கிரைண்டர்காரரும் கடையும் பிழைப்பார்கள், விவசாயி தலையில் கை வைப்பார். ஆகவே "இறக்குமதி நல்லதா கெட்டதா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் படியில் நுழைகிறது என்று கேட்க வேண்டும்.

இனி ஆரணிக்குப் போகலாம். திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளுமாக வாழ்கிற ஊர். ஊரைச் சுற்றிச் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், கொஞ்சம் தள்ளித் தேவிகாபுரம் என்று தறிச் சத்தம் கேட்கும். அந்தத் தறிக்கு நூல் எப்படி வருகிறது என்று படிப்படியாகப் பாருங்கள்.

முதலில் மல்பெரி இலை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் அதைப் பயிரிட்டு, நறுக்கிப் புழுவுக்குப் போடுகிறார்கள். புழு ஏறத்தாழ 25 நாள், நாலு முறை தோலுரித்துக்கொண்டு தின்கிறது. பிறகு கூடு கட்டுகிறது. பிறகு அந்தக் கூடு தருமபுரி அங்காடிக்கோ கர்நாடகத்தின் ராமநகரத்துக்கோ ஏலத்துக்குப் போகிறது. வாங்கியவர் கூட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, இழையின் முனையைப் பிடித்து இழுக்கிறார். நல்ல கூட்டில் ஒரே இழை சுமார் 1000 மீட்டர் நீளம் வரும். எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்துச் சுற்றினால் ஒரு நூல். இதுதான் கோரா பட்டு. ஒரு கிலோ கோரா எடுக்க ஆறு முதல் எட்டுக் கிலோ கூடு வேண்டும்.

கோராவைத் தொட்டால் விறைப்பாக இருக்கும்; புழு சுரந்த பசை அதில் ஒட்டியிருக்கிறது. சோற்றுக்குக் கஞ்சி வடிக்கிற மாதிரி, நூலை முறுக்கேற்றிய பிறகு சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசையை வடித்துவிடுவார்கள். எடையில் கால்வாசி அதோடு போய்விடும். பிறகுதான் சாயம். சாயம் ஏறிய நூலில் ஒரு பகுதி பாவு, ஒரு பகுதி ஊடை. பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது. ஊடை என்பது நாடாவில் குறுக்கே ஓடுவது.

இந்த இரண்டுக்கும் ஒரே நூல் ஒத்துவராது. இடியாப்பம் பிழிந்து பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாவைப் பதமாக வறுத்துச் சலித்துப் பிசைந்திருந்தால் இழை அறுபடாமல் நீளமாக விழும். கட்டி தட்டியிருந்தால் ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து அறுந்து விழும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் விறைப்பாக நிற்க வேண்டும். மிதிக்கு மிதி மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். ஒரு இழை மெலிந்திருந்தாலும் அறும். அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிணைக்க வேண்டும். அவருக்குச் சேலைக்குக் கூலி, நாளுக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு அறுந்த இழையும் அவர் கூலியைத்தான் தின்கிறது.

நம் நாட்டில் நீண்ட காலம் பெரும்பாலும் வளர்ந்தது, வெப்பத்தைத் தாங்குகிற கலப்பினப் புழு. அதன் கூடு மஞ்சள். நூல் ஊடைக்குச் சரியாக வரும், பாவுக்குப் பல சமயம் தாங்காது. சீனாவில் வளர்வதோ பைவோல்டின் எனப்படும் வெண்பட்டுப் புழு. அதன் நூல் நீளம், சீரான தடிமன், அறுபடாதது. விலையும் குறைவு. ஆகவே தென்னிந்தியத் தறிகள் பலவற்றில் பாவுக்குச் சீன நூல், ஊடைக்குக் கர்நாடக நூல் என்று ஒரு கலவை நிலைத்தது. முகூர்த்தச் சேலை என்று நாம் கொண்டாடுவதற்குள் இரண்டு நாட்டுப் புழுக்களின் உழைப்பு இருந்தது.

இப்போது இட்லிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரணி நெசவாளர்தான் கடைக்கார அம்மா. சீன நூல் அவருக்கு மலிவான மாவு. தருமபுரியில் கூட்டிலிருந்து நூல் எடுக்கிறவர் கிரைண்டர்காரர். கிருஷ்ணகிரியில் அதிகாலையில் இலை பறிக்கிறவர் அரிசி விளைவிக்கிறவர். வரியைக் குறைத்தால் ஆரணியில் ஒரு வீடு மூச்சுவிடும், தருமபுரியில் ஒரு வீடு மூச்சுத் திணறும். கூட்டினால் மாறி நடக்கும். இரண்டு வீட்டிலும் பணக்காரர் யாரும் இல்லை. உள்நாட்டு வேலையா மலிவு இறக்குமதியா என்ற தராசில், இரண்டு தட்டிலும் உள்நாட்டு வேலையே உட்கார்ந்திருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுவே.

அடுப்புத் திருகை அரசு எப்படித் திருகியது என்று பார்ப்போம். 2003-ல் சீனக் கோரா பட்டின் கீழ்த் தரங்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தது. அடுத்த கடைக்காரர் நம் கடையை மூட வைக்க வேண்டும் என்று அடக்கவிலைக்கும் கீழே இட்லி விற்றால், அந்த ஒருவருக்கு மட்டும் போடுகிற தனித் தடுப்பு மாதிரி அது. சாதாரணச் சுங்க வரி வேறு. அது எல்லா நாட்டுச் சரக்குக்கும் பொது. அந்தச் சுங்க வரியை 2011 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நெசவாளர்களுக்கு நூல் மலிவாகக் கிடைக்கட்டும் என்பது எண்ணம். அந்த ஆண்டே கூட்டு விலை சரிந்து, ராமநகரத்தில் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். ஆகவே 2013 பட்ஜெட்டில் வரியை 15 ஆக்கினார்கள். பிறகு 10-க்கு இறங்கியது. 2021 பட்ஜெட்டில் மறுபடியும் 15. அதைத் தொடர்ந்த மாதங்களில் கோரா விலை விறுவிறுவென்று ஏறி, பட்டு நெசவு ஊர்களில் தறிகளுக்கு வேலை குறைந்தது. அதற்கு வரி மட்டும் காரணமில்லை; கொரோனாக் காலத்தில் கூடு வளர்ப்பும் சரக்கு வரத்தும் குலைந்திருந்தன. ஆனால் பாவு வாங்கப் பணம் போதாமல் நின்ற நெசவாளருக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும்?

தீயைச் சட்டென்று கூட்டிச் சட்டென்று குறைத்தால் பால் ஒரு நேரம் பொங்கும், ஒரு நேரம் அடிபிடிக்கும். 30-லிருந்து 5, 5-லிருந்து 15 என்ற தாவல்கள் அப்படிப்பட்டவை. மல்பெரி நட்டால் பல ஆண்டுகள் இலை தருகிற செடி. அதை நட்டவர், ஒவ்வொரு பிப்ரவரியும் பட்ஜெட் உரையில் தன் பிழைப்பு மாறுமோ என்று பயந்தால் நிலத்தில் என்ன போடுவார்?

அப்படியானால் வரி எதற்கு உதவும்? இதற்கும் மாவுதான் உவமை. அரைத்த இட்லி மாவை இரவு மூடி வைக்கிறோம். மூடியில்லாமல் குளிரில் வைத்தால் புளிக்காது. ஆனால் மூடியது போதும் என்று மூன்று நாள் விட்டால் புளித்து வீணாகும். வரி என்பது அந்த மூடி. ஒரு தொழில் தன் தரத்தை உயர்த்திக்கொள்ள அது அவகாசம் தருகிறது. மூடிக்குள்ளே மாவு பொங்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பட்டில் மாவு பொங்கியது என்று தைரியமாகச் சொல்லலாம். 1991-ல் தொடங்கி 2007 வரை ஜப்பானின் உதவியோடு வெண்பட்டுத் திட்டம் நடந்தது. மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் நம் வெப்பத்துக்கு ஒத்துவரும் பைவோல்டின் இனங்களை உருவாக்கியது. தமிழ்நாட்டு விவசாயிகள் அதை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். இன்று வெண்கூடு உற்பத்தியில் நாம் முன்னணி மாநிலங்களில் ஒன்று. நூல் எடுப்பதற்குத் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. அவற்றில் பலவும் சீனாவில் செய்தவை. சீன நூலுக்கு ஈடு கொடுக்கச் சீன இயந்திரத்தை வாங்கினோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; கிரைண்டர் எங்கே செய்தது என்று இட்லி கேட்பதில்லை. நாட்டின் மொத்தக் கச்சாப் பட்டு உற்பத்தி 2011-12-ல் சுமார் 23,000 டன். 2023-24-ல் சுமார் 38,900 டன். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 5000 டன்னுக்கு மேல் வந்த இறக்குமதி, 2021-22-ல் 2000 டன்னை ஒட்டி இறங்கியிருந்தது. மூடி மட்டும் இதைச் செய்யவில்லை. மூடியும், நல்ல அரிசியும், பக்குவம் தெரிந்த கையும் சேர்ந்து செய்தன.

தீப்பெட்டிக்கு இதே சோதனையை வைத்தால் எனக்குத் தயக்கம் வருகிறது. லைட்டர் தடை என்ற மூடிக்குள் என்ன புளிக்கிறது? தீப்பெட்டி இன்னும் எவ்வளவுதான் மாறும்? ஆனாலும் அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். அந்த ஊர்களில் பெண்களுக்கு வேறு வேலை இன்னும் போதுமான அளவு வரவில்லை. தடை வாங்கித் தந்த காலத்தில் அந்த வேலையை உருவாக்குவதே அரசின் கடமை. அது நடக்காவிட்டால், அடுப்பில் வெறும் பாத்திரத்தை மூடி வைத்த மாதிரி ஆகிவிடும்.

எண்ணெயில் இந்தப் படிக்கணக்கை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். மல்லி விதைக்கும் மல்லித்தூளுக்கும் வாசலில் ஒரே வரி என்றால், வியாபாரி தூளாகவே இறக்கிவிடுவார். நம் தெரு மிளகாய் மில்லுக்கு வேலை இருக்காது. விதைக்குக் குறைந்த வரி, தூளுக்குக் கூடுதல் வரி என்றால் விதை வரும், மில் ஓடும். 2025 மே இறுதியில் அரசு இதைத்தான் செய்தது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு மொத்த வரி 27.5 சதவீதத்திலிருந்து 16.5-க்கு இறங்கியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதம் அப்படியே நின்றது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலை இருக்கிறது. ஆனால் அதற்கும் முந்திய படியில், நம் மாவட்டத்து மானாவாரி நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர் நிற்கிறார். மலிவான கச்சா எண்ணெய் அவர் விலையை அழுத்துகிறது. ஆலைக்கு நல்லதாகப்பட்டது அவருக்குக் கெட்டது. மணிலா என்றும் நாம் அழைக்கிற அந்தக் கொட்டையே ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்ததுதான்.

இன்னொரு வாசலும் உண்டு. அதில் நாம் வெளியே நிற்கிறோம். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் காலணி ஆலை இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் விடிகாலையில் கம்பெனிப் பேருந்து ஏறி, உலகச் சந்தைக்குப் போகிற காலணிகளைத் தைக்கிறார்கள். அந்தக் காலணிகள் போய் இறங்குகிற நாட்டில் அவையே "மலிவு இறக்குமதி". அங்கேயும் ஒரு பழைய செருப்புத் தொழிற்சாலை ஊர் தன் வேலை போனதைச் சொல்லி அழுதிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, திருப்பூரிலும் ஆம்பூரிலும் ஏற்பட்ட கலக்கம் இந்த வாசலின் கதை. வெளிச்சரக்கே வேண்டாம் என்று நம் வாசலைச் சாத்துகிறவர், செய்யாற்றுப் பெண்ணின் முகத்துக்கு நேரே இன்னொரு வாசல் சாத்தப்பட்டால் என்ன சொல்வார்?

கடைசியாக, வசூலான வரிப்பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வாசலில் சீன நூலுக்கு வாங்கிய வரி ஒன்றிய அரசின் பொதுக் கஜானாவில் விழுகிறது. அது கிருஷ்ணகிரிக்கும் நேராகப் போவதில்லை, நூல் விலை ஏறிப் பாவு வாங்க முடியாத ஆரணிக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தர 1962-லேயே சட்டம் செய்தார்கள். அது போதாது என்றும் சரியாக நடக்கவில்லை என்றும் குறைகள் உண்டு. 2022-ல் அது காலாவதியாகியும் விட்டது. ஆனால் "இவர் இழந்தார், இவருக்குக் கொடுக்க வேண்டும்" என்ற கணக்கு ஒரு காலத்தில் எழுதப்பட்டது. கோரா பட்டு வரியில் ஒரு பங்கை நெசவாளருக்கு நூல் மானியமாகவும், ஒரு பங்கை வெண்கூடு வளர்ப்புக்கும் என்று எழுதி வைத்தால், ஆரணியும் தருமபுரியும் ஒன்றை ஒன்று பார்த்துப் பயப்பட வேண்டியிராது. வரி எத்தனை சதவீதம் என்று சண்டை போடுகிற நேரத்தில் பாதியை, அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்பதில் செலவிடலாம்.

ஆரணித் தறிகள் குறைந்ததற்கு எல்லாம் சீன நூலைக் குற்றம் சொல்லவும் முடியாது. கைத்தறிக்கென்று 1985 சட்டம் ஒதுக்கி வைத்த சேலை ரகங்களை விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்கிறார்கள் என்பது நெசவாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். அந்த விசைத்தறி வெளிநாட்டில் இல்லை, அடுத்த தெருவிலேயே இருக்கிறது. அதை எந்தச் சுங்க வரியும் தடுக்காது.

அடுத்த முறை கல்யாணத்துக்கு ஆரணியிலோ நம் தேரடி வீதியிலோ பட்டு எடுக்கும்போது, கடைக்காரரிடம் நிறத்தையும் விலையையும் கேட்ட பிறகு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணே, இது கைத்தறியா, விசைத்தறியா? பாவுப் பட்டு எந்த ஊருது?" தொழில் தெரிந்தவர் என்றால் மடிப்பைப் பிரித்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்வார்.